உதயகிரிக் கோட்டை: போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஒரு சுற்று நடங்கள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், திற்பரப்பு அருவியில் குளிக்கிறார்கள், பத்மநாபபுரம் அரண்மனையில் வரிசையில் நிற்கிறார்கள். அரண்மனைக்குப் பக்கத்திலேயே புலியூர்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டைக்கு வருபவர்கள் குறைவு. வருபவர்களிலும் பாதிப்பேர் வாசலுக்கு அருகில் நாலு போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் மனசு தாங்கவில்லை, ஏனென்றால் இது நின்று பார்க்கிற இடமே இல்லை, நடந்து பார்க்கிற இடம்.

கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி மூச்சிரைக்க ஏற வேண்டியிருக்கும் என்று பயப்பட வேண்டாம். தனியாக நிற்கும் ஒரு குன்றைச் சுற்றி மதில் எழுப்பியிருக்கிறார்கள், ஏறத்தாழ 90 ஏக்கர் இடம் அந்த மதிலுக்குள் அடங்கிவிடுகிறது, அதை இப்போது வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. குன்று மேல் ஏறுவதை விட்டுவிட்டுக் கீழே மரங்களுக்கு இடையில் போகிற பாதையில் சுற்றி வந்தால் பெரும்பாலும் சமதரைதான். முழங்கால் வலியுள்ள என் அம்மா நிதானமாக நடந்துவிட்டார், அண்ணன் மகள் முன்னால் ஓடுவதும் திரும்பி வந்து கையைப் பிடிப்பதுமாக எங்களைவிட இரண்டு மடங்கு தூரம் நடந்திருப்பாள்.

நடக்கும்போது மதில் பக்கம் ஒதுங்கி ஒரு நிமிடம் நில்லுங்கள். பெரிய பெரிய கருங்கல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினது, இடுக்குகளில் ஆலும் அரசும் வேர்விட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. சில இடத்தில் வேர் கல்லைத் தள்ளுகிறதா தாங்குகிறதா என்றே சொல்ல முடியாது. கையை வைத்துப் பார்த்தால் வெளியே நெடுஞ்சாலையில் வெயில் கொளுத்துகிற நேரத்திலும் நிழல் பக்கத்துக் கல் சில்லென்று இருக்கும்.

இந்த நடையில் நான் அதிக நேரம் செலவழிப்பது டிலனாய் கல்லறையில். கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. அங்கே பிடிபட்டவர்களில் ஒருவர்தான் யூஸ்டாக்கியஸ் டி லனாய். சிறைப்பட்டவரையே மன்னர் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார், அவரும் திருவிதாங்கூரிலேயே தங்கிப் படைத்தலைவராகி, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன், என்று பெயர் வாங்கினார். இந்தக் கோட்டையை மன்னர் வலுப்படுத்திக் கட்டியது அவரைக் கொண்டுதான், பீரங்கியும் குண்டும் வார்க்கிற உலையும் இதற்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆக, இப்போது நாம் காற்று வாங்கிக்கொண்டு நடக்கிற இடம் ஒரு காலத்தில் இரும்பு உருகிய இடம். 1777-இல் இறந்தவரை இங்கேயே அடக்கம் செய்தார்கள்.

கல்லறை இருப்பது கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிற ஒரு சிற்றாலயத்துக்குள். அவருடைய மனைவி, மகன் கல்லறைகளும் அங்கேதான். டிலனாயின் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. ஐரோப்பாவில் பிறந்த ஒரு சிப்பாயின் கல்லறையில் நம் எழுத்து, அதுவும் தக்கலைக்குப் பக்கத்தில்! காலையில் போவது நல்லது, வெயில் சாய்வாக விழும்போது வெட்டெழுத்தின் ஓரங்களில் நிழல் விழுந்து வாசிக்க வரும், உச்சி வெயிலில் எழுத்தும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். தயவுசெய்து கல்லின்மேல் ஏறி நிற்காதீர்கள். செருப்புக் காலோடு ஏறி செல்பி எடுத்த ஒரு கூட்டத்தைப் பார்த்தேன், சொன்னதும் இறங்கிவிட்டார்கள், அவர்களுக்கு அது கல்லறை என்றே தெரியவில்லை.

குழந்தைகளுக்கு மான்களும் பறவைகளும் இருக்கின்றன. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அவர்களுக்குப் பிடிக்கும்.

மழைக்காலம் பற்றி மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. நம் மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, ரெண்டிலும் கல் பாவின இடங்களில் பாசி பிடிக்கும். வயதானவர்களை அழைத்துப் போனால் நல்ல பிடிப்புள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். மழை விட்ட மறுநாள் காலையில் அந்த மரங்களுக்கு அடியில் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டால் நல்லது. சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குமேல் போகாதீர்கள், நிழல் இல்லாத இடங்களும் உண்டு. தண்ணீர் கையில் இருக்கட்டும், காலி பாட்டிலையும் கையிலேயே வெளியே கொண்டு வாருங்கள். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அங்கே கேட்பதற்குப் பறவைச் சத்தம் தாராளமாக இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் போகிற பஸ் இந்த வழியாகத்தான் போகும். புலியூர்குறிச்சியில் நிற்குமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள், நிற்காத வண்டியில் ஏறினால் தக்கலையில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதானால் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், வெளியூர் ஆள் என்று தெரிந்தால் சிலர் கூட்டிக் கேட்பார்கள்.

நேரம் இருந்தால் புலியூர்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறைக்கும் போய் வரலாம். டிலனாயிடம் பழகிக் கிறிஸ்தவரான தேவசகாயம், தாகத்தில் முட்டியால் இடித்தபோது தண்ணீர் வந்ததாக மக்கள் நம்புகிற பாறை அது. அவருக்கு 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. கோட்டையைப் பார்த்த கையோடு அங்கே போனால் டிலனாய் கதையின் இன்னொரு பாதியும் கிடைத்துவிடும்.

அரண்மனையையும் அதே நாளில் பார்க்க நினைத்தால் கோட்டையை முதலில் வையுங்கள். வெயில் ஏறுமுன் நடந்து முடித்துவிட்டு, அப்புறம் மரக்கூரை நிழலுக்குள் போய்விடலாம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, அன்று போகாதீர்கள்.