புதுச்சேரி வண்டிக்கு 6,392, கடலூர் வண்டிக்கு 11,844: திருப்பாப்புலியூர் இன்சூரன்ஸ் கடைக்குப் போன கதை

தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது ஆரம்பித்த வழக்கு இது. அவன் புதுச்சேரி முத்தியால்பேட்டை, பிஒய்-01 பதிவு வண்டி. நான் கடலூர் குண்டு உப்பலவாடி பக்கம், டிஎன்-31. இரண்டும் ஸ்விஃப்ட், 1197 சிசி, 2021 நவம்பரில் ஒரே வாரத்தில் எடுத்தவை. இந்த வருஷ இன்சூரன்ஸ் புதுப்பிப்புக்கு அவன் முன்கூட்டியே கட்டிவிட்டான்: 6,392 ரூபாய். எனக்கு மொபைல் ஆப் காட்டியது 11,844.

"புதுச்சேரில எல்லாமே சீப்பு, உனக்குத் தெரியாதா?" என்றான். அண்ணி சிரித்துக்கொண்டே அதிரசத் தட்டை நீட்டினாள். முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறுகிறது, பாட்டில் விலை மாறுகிறது, இன்சூரன்ஸ் மட்டும் மாறாதா என்று எல்லோரும் ஒரே கட்சி. வண்டியைப் பிஒய் நம்பருக்கு மாற்றிவிடலாமா என்றுகூட நான் யோசித்தேன். கணக்கு டீச்சர் யோசிக்கக் கூடாத யோசனை.

கடலூர் வந்ததும் திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் பக்கத்துச் சந்தில் இருக்கும் இன்சூரன்ஸ் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் மூன்று வருஷக் காலண்டர்கள். உட்கார்ந்திருப்பவர் முன்பு லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர். முதல் மூன்று வருஷம் இவரிடம்தான் போட்டேன். 2024-ல் எழுநூறு ரூபாய் குறைகிறதே என்று ஆப்பில் போட்டுவிட்டேன். அந்தக் கூச்சத்தோடுதான் உள்ளே நுழைந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "டீ சொல்லவா டீச்சர்?" அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பிஒய்-யும் டிஎன்-31-ம் ஒரே ஜோன் டீச்சர். ரெண்டும் பி."

டாரிஃப் என்ற பழைய கட்டண விகிதப் புத்தகத்தில் பிரைவேட் காருக்கு இந்தியா முழுவதும் இரண்டே ஜோன்தானாம். ஏ என்பது எட்டு ஊர்: சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே. மீதி எல்லாம் பி. லாரிக்கு மூன்று ஜோன் என்று அவர் பழைய தொழில் ஞாபகத்தில் ஆரம்பித்ததை நான் பாதியில் நிறுத்தினேன். வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதில்லை, எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவு என்பதுதான் கணக்கு. வேளச்சேரியில் வருஷம் முழுக்க டிராஃபிக்கில் நிற்கும் என் அக்கா மகன் வண்டி டிஎன்-31 என்பதால் அதுவும் பி ஜோன்தான்.

சரி, ஏ-க்கும் பி-க்கும் எவ்வளவு வித்தியாசம்? ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட, 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டிச் சேதத்துக்கான காப்பின் அடிப்படை விகிதம் ஏ-யில் 3.283 சதவீதம், பி-யில் 3.191. என் வண்டியின் ஐடிவி, அதாவது காப்பீட்டு மதிப்பு, 3,00,000. அங்கேயே அவர் மேஜையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 9,849, 9,573. வித்தியாசம் 276. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 326. சென்னைக்கும் கடலூருக்கும் ஊர் பெயரால் வரும் வித்தியாசம் புத்தகப்படி இவ்வளவே. நான் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தேர்டு பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கான காப்புக்கு, அந்த வித்தியாசம்கூடக் கிடையாது. அதை அரசாங்கம் அறிவிக்கிறது, நாடு முழுக்க ஒரே தொகை. 2022 ஜூன் 1 முதல் 1000 சிசி வரை 2,094, அதற்கு மேல் 1500 வரை 3,416, அதையும் தாண்டினால் 7,897. அண்ணன் ரசீதிலும் 3,416, எனக்கும் 3,416. புது வண்டிக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டியை ஷோரூமிலேயே வாங்கிவிடுவதால் 2024 வரை இந்தத் தொகை எங்கள் கண்ணிலேயே படவில்லை.

பிறகு ஊருக்கு ஊர் எங்கேதான் மாறுகிறது? இந்த இடத்தில்தான் அவர் லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் வைத்தார். 2007 ஜனவரி 1 முதல் ஓன் டேமேஜ் விலை கம்பெனிகளின் கையில். புத்தக விகிதத்தைப் போட்டு, அதன்மேல் அவரவர் தள்ளுபடி கொடுக்கிறார்கள். அந்தத் தள்ளுபடி ஆர்.டி.ஓ. நம்பர், வண்டி மாடல், வயசு என்று பார்த்து மாறுகிறது. எந்த ஆர்.டி.ஓ. வண்டிகள் அதிகம் க்ளெய்ம் கேட்கின்றன, ரிப்பேர் கூலி எவ்வளவு, திருட்டு எப்படி, தண்ணீர் ஏறுமா, இதெல்லாம் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

அவர் மற்ற எதையும் தொடாமல் ஆர்.டி.ஓ. கட்டத்தை மட்டும் மாற்றினார். டிஎன்-31: 58 சதவீதம் தள்ளுபடி, 4,021. பிஒய்-01: 62 சதவீதம், 3,638. சென்னை டிஎன்-09: 50 சதவீதம், 4,925. "பாத்தீங்களா, சென்னைக்காரர்தான் அழணும்" என்றார். அப்போ அண்ணன் சொன்னது உண்மைதானே, புதுச்சேரி சீப்பு? நான் கேட்பதற்கு முன்பே இன்னொரு கம்பெனி பக்கத்தைத் திறந்துவிட்டார். அங்கே கடலூர் 3,925, புதுச்சேரி 4,116. தலைகீழ். அந்தக் கம்பெனிக்குப் புதுச்சேரியில் கை சுட்டிருக்கும்போல. ஊர் விலை என்று ஒன்று தனியாக இல்லை, ஒவ்வொரு கம்பெனிக்கும் அந்த ஊரோடு ஒரு தனிக் கசப்பு இருக்கிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆர்.டி.ஓ. நம்பர் என்பது மகா முரட்டுத்தனமான அளவுகோல். அண்ணன் கார் நிற்பது மாமனார் வீட்டு மேட்டில், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியபோதும் டயர் நனைந்ததோடு சரி. அதே பிஒய்-01 ரெயின்போ நகரில் நின்றிருந்தால் கதை வேறு. ரேட் ஒன்றுதான்.

என் கதைக்கு வருகிறேன். ஃபெஞ்சல் அடித்து இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணை வந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீர். விடிகாலையில் கதவைத் திறந்தால் கார் சீட்டு உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர், கார்க் கதவில் ஒரு வேப்பங்குச்சி மிதந்துவந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆப்பின் ஹெல்ப்லைனில் ஒரு பையன், "மேடம், கடலூர் சென்னையில எந்த ஏரியா?" என்று கேட்டான். கட் பண்ணிவிட்டு, பாலிசி இவரிடம் இல்லாவிட்டாலும் வெட்கத்தை விட்டு இவருக்கே போன் செய்தேன். அவர் சொன்ன முதல் வாக்கியம்: "சாவியத் தொடாதீங்க டீச்சர்."

தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து எஞ்சின் பிளாக்கே போய்விடும். அது வெள்ளச் சேதம் இல்லை, நீங்களே செய்த சேதம் என்று சாதாரண பாலிசியில் தள்ளிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்தார். அவர் எஞ்சின் செலவு மொத்தமும் அவர் தலையில். என் வண்டியைத் தட்டு லாரியில் ஏற்றி எடுத்துப்போனார்கள். கார்ப்பெட், சென்சார், ஒயரிங், எஞ்சின் தப்பித்தது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர ஒன்பது நாள். பில் 41,000, கைக்கு வந்தது 27,000 சொச்சம். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்குப் பாதிதான் கொடுப்பார்கள், தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பு இல்லாததால். எழுநூறு ரூபாய் மிச்சம் பிடித்த ஆப் அதைச் சேர்க்காமல்தான் விலையைக் குறைத்திருந்தது. ஐடிவியையும் கீழே இழுத்து வைத்திருந்தது, அதை இப்போதுதான் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாமா என்று கோபத்தில் பார்த்தேன். சென்னை அலுவலகம் தமிழ்நாட்டையும் புதுச்சேரி நகரத்தையும் காரைக்காலையும் பார்க்கிறது. மாஹேக்காரர் கொச்சிக்கும் ஏனாம்காரர் ஹைதராபாத்துக்கும் போகவேண்டும். ஒரே யூனியன் பிரதேசத்துக்கு மூன்று வாசல். நான் எதற்கும் போகவில்லை, அதற்குள் பணம் வந்துவிட்டது.

இப்போது அந்த 5,452 ரூபாய் வித்தியாசத்தைப் பிரிக்கலாம். பத்திரிகையின் மீதி இடத்தில் போட்டேன், எல்லாம் ஜி.எஸ்.டி.யோடு. ஊருக்காக வந்தது, 4,021-லிருந்து 3,638 போக, 452. நான் க்ளெய்ம் வாங்கியதால் போன நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காத வருஷங்களுக்கு ஓன் டேமேஜில் தரும் தள்ளுபடி, 1,932. அண்ணனுக்கு நாலு வருஷம் சேர்ந்து 45 சதவீதம், எனக்குப் பூஜ்யம். மீதி 3,068, இந்தத் தடவை நானே கேட்டுச் சேர்த்த ஜீரோ டெப், தண்ணீரில் போகும் எஞ்சினுக்கான எஞ்சின் புரொடெக்ட். அண்ணனிடம் இரண்டும் இல்லை. ஓட்டுநர் விபத்துக் காப்பு எங்கள் இருவருக்கும் தனி பாலிசி, அதனால் இதில் வராது. கூட்டினால் சரியாக 5,452. ஒரு ரூபாய்கூட உதைக்காத கணக்கு என் சர்வீஸில் குறைவு.

இன்னொரு கம்பெனியின் 3,925-ஐ ஏன் எடுக்கவில்லை என்றால், அவர்களுக்குக் கடலூரில் கேஷ்லெஸ் கேரேஜ், அதாவது பில்லைக் கம்பெனியிடமே வாங்கிக்கொள்ளும் கேரேஜ், இல்லை, விழுப்புரம் போகணும். 96 ரூபாய்க்காக முழங்கால் தண்ணீரில் விழுப்புரம் போக நான் தயாரில்லை. இதை அவர்தான் சொன்னார், ஆப் சொல்லவில்லை.

கடையைப் பற்றிக் குறையும் சொல்லணும். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை போன் எடுக்க மாட்டார். சந்தில் கார் நுழையாது, பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டுவிட்டு நடக்கணும். டயர் கவர், சாவி கவர் என்று இரண்டு சாமானைத் தலையில் கட்டப் பார்த்தார், இரண்டையும் வேண்டாம் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. பாலிசி காப்பியை வாட்ஸ்அப்பில் அனுப்ப மூன்று தடவை கேட்கவேண்டியிருந்தது. ஆப் விலையைவிட ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அதே 11,844-ஐத்தான் அவரிடம் கட்டினேன்.

பத்திரிகைப் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அரைமணி நேரம் நீல டிக் மட்டும். பிறகு பதில்: "சரி, அந்த எஞ்சின் கவர் எவ்வளவுன்னு உன் ஆளக் கேளு." பாலிசி நடுவில் சேர்க்க முடியாதாம், அடுத்த நவம்பர்தான். அதுவரைக்கும் மாமனாரோடு சண்டை போடாமல் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.