முதல் கிறிஸ்துமஸ் தொங்கல்: உள்ளீடற்ற கோளமா, பனிக்கூம்பா, குட்டி மரமா?

லேத்தில் மரக் கடைசல் பழகத் தொடங்கியவர்களுக்கு டிசம்பர் நெருங்கும்போது, கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் தொங்கல்களில் ஆசை போய் நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வெளிர் மேப்பிள் மரத்தில் உள்ளே குடைந்த ஒரு கோளம், அதன் அடியில் கறுப்பு மரத்தில் ஊசிபோல நீளும் முனை. பார்க்க அவ்வளவு அழகு. நானும் அதில்தான் தொடங்கினேன். கோளம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது உளி உள்ளிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அதன்பிறகு மற்ற வடிவங்களையும் செய்து பார்த்திருக்கிறேன். முதல் தொங்கலுக்கு எது சரி என்பதில் இப்போது எனக்குத் தெளிவான கருத்து உண்டு: கெட்டியான ஒரே துண்டில் கூம்பு வடிவக் குட்டி கிறிஸ்துமஸ் மரம். ஏன் என்று சொல்கிறேன்.

கோளத்தைக் குடைவதே எடையைக் குறைக்கத்தான். 60 மி.மீ. விட்டமுள்ள கெட்டி மேப்பிள் உருண்டை ஏறக்குறைய 80 கிராம் இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தின் மெல்லிய கிளை அதைத் தாங்காமல் தொய்ந்துவிடும். சுவரை 3 மி.மீ. விட்டு உள்ளே குடைந்தால் 20 கிராம் சொச்சத்துக்கு இறங்கும். சரி, ஆனால் கணக்கை இன்னொரு பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். அடி விட்டம் 40 மி.மீ., உயரம் 75 மி.மீ. உள்ள கெட்டிக் கூம்பும் அதே 22 கிராம் அளவில்தான் இருக்கிறது. 40 மி.மீ. கெட்டி உருண்டையும் கிட்டத்தட்ட அவ்வளவே. வடிவத்தைச் சிறிதாக எடுத்துக்கொண்டால் குடைய வேண்டிய தேவையே இல்லை.

குடைவதில் என்ன கஷ்டம் என்றால், வேலை நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. கோளத்தின் தலையில் 16 மி.மீ. அளவில் ஒரு துளை போட்டு, அதன் வழியே உளியை விட்டு, உள்ளே மரத்தைச் சுரண்ட வேண்டும். அடிப்பகுதியை நேரான உளி எட்டும். துளையை ஒட்டிய தோள்பகுதியை எட்டாது. அதற்கு முனை வளைந்த உளி வேண்டும். வளைந்த உளி மரத்தில் படும்போது கைக்குள்ளேயே திருகிக்கொள்ளப் பார்க்கும். உளியைத் தாங்கும் கட்டையைத் தாண்டி அதன் நுனி நீண்டு நிற்பதால், கொஞ்சம் ஆழமாகக் கடித்தாலும் அடி பலமாக விழும். சீவல் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். அடிக்கடி லேத்தை நிறுத்தி, தட்டிக் கொட்டித்தான் தொடர முடியும். சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வளைத்த கம்பியாலோ, உளி எழுப்பும் சத்தம் மாறுவதைக் கேட்டோதான் கண்டுகொள்ள வேண்டும். அந்தச் சத்தத்தைப் புரிந்துகொள்ளும் காது பல மணி நேரம் லேத்தின் முன் நின்ற பிறகே வரும். என் கோளம் உடைந்தது பலம் போட்டதால் அல்ல. எங்கே நிறுத்துவது என்று தெரியாததால்.

இவ்வளவையும் தாண்டி வந்தாலும் மேல்மூடியும் கீழ்முனையும் தனித்தனியாகக் கடைந்து, துளைக்குப் பொருத்தி ஒட்ட வேண்டும். அதாவது ஒரு தொங்கலுக்கு மூன்று கடைசல் வேலை.

அடுத்தது பனிக்கூம்பு, அதாவது கூரை விளிம்பில் உறைந்து தொங்கும் பனிக்கட்டி போன்றது. நீளமாக, கீழே போகப் போக மெலிந்து, நடுநடுவே மணிகோத்தது போன்ற வடிவம். 25 மி.மீ. சதுரமும் 125 மி.மீ. நீளமும் உள்ள ஒரு கட்டை போதும். குடைசல் கிடையாது, ஒட்டு வேலை கிடையாது. கேட்கும்போது இதுதான் எளிது என்று தோன்றும். ஆனால் 3, 4 மி.மீ.க்கு மெலிந்ததும் மரம் உளிக்கு விலகி வளையத் தொடங்கும். மேற்பரப்பில் திருகாணி மரைபோல வரிவரியாகத் தழும்பு விழும். அதைத் தவிர்க்க நுனியிலிருந்து தொடங்கி, சிறு பகுதியை முழுதாக முடித்து, உப்புத்தாளும் போட்டுவிட்டு, பிறகுதான் மோட்டார் பக்கமாக நகர வேண்டும். முடித்த இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. மரத்தின் நார் நுனிவரை நேராக ஓடாவிட்டால் மெலிந்த இடத்தில் பட்டென்று ஒடியும். இது நல்ல பயிற்சிதான். ஆனால் இரண்டாவது, மூன்றாவது வேலையாக வர வேண்டியது.

கெட்டி உருண்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஒரே ஒரு சிக்கல். மெருகேற்றிய உருண்டையில் இம்மி கோணல் இருந்தாலும் பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

குட்டி மரத்துக்கு வருவோம். நாரின் திசையில் பிடித்த கட்டையைக் கடையும்போது அடிப்படை விதி ஒன்று: எப்போதும் பருமனான இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு உளி இறங்க வேண்டும். எதிர்த் திசையில் போனால் நார் பிய்ந்து எழும்பும். மணி மணியான வடிவங்களில் இந்தத் திசை ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். கூம்பில் அந்தக் குழப்பம் இல்லை. அடியிலிருந்து நுனிக்கு, ஒரே திசை. அப்படிப் பத்து இருபது முறை இழுத்தாலே கை அந்த விதியைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மூன்று அடுக்குகளாகக் காடி வெட்டிக் கிளைகளைக் காட்டும்போது திசை மாற்றுவதும் பழகிவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தவறு செய்தால் மீள முடியும் என்பது. ஓர் அடுக்கின் விளிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிட்டதா? முழுக் கூம்பையும் 2 மி.மீ. குறைத்துக் கடைந்துவிடலாம். மரம் கொஞ்சம் ஒல்லியாகும், அவ்வளவுதான். கோளத்தின் சுவரில் விழுந்த ஓட்டைக்கு அப்படி மீட்சி இல்லை. ஜெர்மனியின் எர்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில், கடைசலுக்குப் பேர்பெற்ற சைஃபன் பக்கம், சீவலை முழுதாக வெட்டி எடுக்காமல் சுருளாக நிற்கவிட்டு அதையே கிளைகளாக்கும் குட்டி மரங்கள் செய்கிறார்கள். கெட்டிக் கட்டையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவை ஒரு சாட்சி.

கட்டையை லேத்தில் எப்படிப் பிடிப்பது? கோளத்துக்கு, கட்டையை ஒரு முனையில் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக் வேண்டியிருக்கும். குட்டி மரத்துக்கு இல்லை. லேத்தின் இரு பக்கமும் உள்ள கூர்முனைகளுக்கு (மையங்களுக்கு) நடுவே பிடித்தே முடித்துவிடலாம். புதிதாகத் தொடங்கி, சக் இன்னும் வாங்காதவருக்கு இது ஒன்றே போதுமான காரணம். 45 மி.மீ. சதுரம், 115 மி.மீ. நீளம் உள்ள கட்டை எடுத்து, நுனியை டெயில்ஸ்டாக் பக்கம், அதாவது மோட்டாருக்கு எதிர்ப்பக்கத் தாங்கியின் பக்கம், வைத்துக்கொள்ளுங்கள். வேகம் முதலில் நிமிடத்துக்கு 1000 சுற்று, கட்டை உருண்டையானபின் 2000 வரை.

உளியில் இரு கட்சி உண்டு. தீட்டத் தேவையில்லாத, மிகக் கடினமான கார்பைடு முனையா, தீட்டித் தீட்டிப் பழகும் வழக்கமான குழி உளியா? கார்பைடு உளியை மட்டமாக நீட்டினால் போதும், உடனே வெட்டும். ஆனால் அப்படி நீட்டும்போது அது சுரண்டுகிறது. அடுக்குகளின் அடிப்பக்கத்தில் நார் பிசிறாக நின்றுவிடும், உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். 10 மி.மீ. குழி உளியும் துண்டிக்கும் உளியும் கூராக இருந்தால் நான் அவற்றையே எடுப்பேன். மரம் நன்றாகக் காய்ந்த மேப்பிள், செர்ரி அல்லது பீச். ஓக் வேண்டாம், அதன் பெரிய துளைகள் மெல்லிய விளிம்பில் உதிரும்.

முகம் முழுதையும் மறைக்கும் பாதுகாப்புக் கவசம் அவசியம். கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி கூடாது. உப்புத்தாள் போடும்முன் உளி தாங்கியை அகற்றிவிடுங்கள். சுழலும் மரத்தில் ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூச துணி வேண்டாம், காகிதத் துவாலை போதும். துணி சிக்கினால் விரலையும் இழுக்கும், காகிதம் கிழிந்துவிடும்.

கடைசியாகக் கொக்கி. மற்ற வேலைகளில் டெயில்ஸ்டாக் முனை குத்திய புள்ளியை எப்படி மறைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கும். இங்கே அந்தப் புள்ளி சரியாகக் குட்டி மரத்தின் உச்சி மையத்தில் இருக்கிறது. நுனியில் 6 மி.மீ. குமிழ் ஒன்றை விட்டுவையுங்கள். அடியைத் துண்டித்து எடுத்தபின், அந்தப் புள்ளியிலேயே கையால் ஒரு மி.மீ. துளை போட்டு, முதலில் கொக்கியின் மரை அளவே உள்ள இரும்புத் திருகாணியால் மரை ஏற்றி எடுங்கள். அதன்பிறகு மெழுகு தடவிய பித்தளைக் கொக்கியைத் திருகினால் ஒடியாமல் இறங்கும்.