இந்தத் தடவை ஊட்டி வேண்டாம், கோத்தகிரி

சிங்கப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரும்போதெல்லாம் யாராவது ஊட்டிக்குக் கிளப்பிவிடுவார்கள். இந்த டிசம்பரில் பிடிவாதமாக அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு கோத்தகிரி போனேன். வீட்டிலிருந்து 33 கிலோமீட்டர்தான், இத்தனை வருடம் எப்படி விட்டேன் என்று இப்போது மனசு கேட்கவில்லை.

சொந்த வண்டியோ வாடகைக் காரோ, நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம். காசு கிடையாது, எங்கள் டிரைவரே போனில் எடுத்துவிட்டார். அரசு பஸ்ஸில் போனால் அதுவும் தேவையில்லை. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பையன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டார்கள், நீலகிரியில் அந்த பிளாஸ்டிக்குக்குத் தடை. அவன் முகம் சுருங்கிவிட்டது, எனக்கு என்னவோ அப்படிக் கறாராக இருந்தது பிடித்திருந்தது. எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய்விடுங்கள்.

முதலில் போனது கோத்தகிரி பக்கத்தில் இருக்கும் கன்னேரிமுக்கு கிராமம். கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து கட்டிய பங்களா அங்கேதான் இருக்கிறது, ஊட்டி என்ற ஊர் உருவாவதற்கு முன்னால் கட்டியது. இடிந்து கிடந்ததைச் சீர்செய்து இப்போது நினைவகமாக வைத்திருக்கிறார்கள். உள்ளே பழைய நீலகிரிப் படங்களும், தோடர், கோத்தர், குறும்பர் என்று மலையின் ஆதிக்குடிகளைப் பற்றிய விவரங்களும். அம்மா ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, "இவரு நம்ம கோயமுத்தூர் கலெக்டருங்களா?" என்று கேட்க, அங்கிருந்தவர் அவசரமே படாமல் கூடவே நடந்து சொல்லிக்கொண்டு வந்தார். கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்கள் குடியிருந்த தெருவிலிருந்து வந்தது என்பதை அன்றைக்குத்தான் அம்மா தெரிந்துகொண்டார், அறுபத்தெட்டு வயதில்.

கோடநாடு காட்சிமுனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கீழே புகை போட்டது மாதிரி ஆகிவிடும். மாயாறு பள்ளத்தாக்கு, அடியில் தெங்குமரஹாடா கிராமம், தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம். நம்ம பவானிதான் அங்கே போய் நிற்கிறது என்று சொன்னதும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் போன இடங்களில் ஒன்றில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டினார்கள். சர்க்கரை உள்ள அம்மா அரை மணி நேரம் தவித்துப் போனார். கடைசியில் டீக்கடை அக்கா ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, வெந்நீர் வேண்டுமா என்றும் கேட்டார். நுழைவுக் கட்டணம் வாங்க ஆள் இருக்கும் இடத்தில் கழிப்பறையைத் திறந்துவைக்க ஓர் ஆள் இல்லாமல் போகலாமா? வயதானவர்களோடு போகிறவர்கள் டவுனிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

அப்புறம் லாங்வுட் சோலை. டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும், 116 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த காடு. வனத்துறை அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும், முதல் நாளே கேட்டுவிடுங்கள். அம்மா வண்டியிலேயே இருந்துவிட்டார், நானும் பையனும் மட்டும் நடந்தோம். நாலு எட்டு வைத்ததுமே வெளிச்சம் பச்சையாகிவிட்டது. மரத்தில் கை வைத்தால் முழுக்க ஈரப் பாசி, அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறது. கீழே உள்ள கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இப்படிச் சேர்ந்து போவதுதான் என்று கூட வந்த வழிகாட்டி சொன்னார். மேலே எங்கேயோ நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை கத்த, ஆள் சிரிக்கிற மாதிரியே இருந்தது. பையன் என் கையை விடாமல், "இன்னொரு தடவை கத்துமாம்மா?" என்று கிசுகிசுத்தான். கத்தும் வரை நின்றோம்.