1911-இல் .22 கிட்: கோளாறு மேகசினில், குற்றம் கட்டைவிரலில்

1911 என்ற .45 கைத்துப்பாக்கியில் சிறிய .22 தோட்டாவைச் சுட வைக்கும் மாற்றுப் பாகத் தொகுப்பான .22 கிட்டை வாங்கலாமா என்று கேட்பவர்கள் ஸ்லைடைப் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) பற்றியும் பேரலைப் (குழல்) பற்றியும்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது தோட்டாக்களை அடுக்கும் மேகசினை. கிட்டை மாட்டுவது ஒரு நிமிட வேலை. மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, மேல்பாகத்தைப் பிடித்திருக்கும் ஸ்லைடு ஸ்டாப்பை உருவி, .45-இன் மேல்பாகத்துக்குப் பதில் கிட்டின் மேல்பாகத்தை ஏற்றினால் போதும். குறிமுள் கிட்டோடு தனியாக வருவதால் .45-இன் குறி கலையாது.

1911-இன் வழக்கமான .45 ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே துருத்தாது; கிட் சுடும் .22 எல்.ஆர். தோட்டாவுக்குத் துருத்தும். மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால் ஸ்லைடு தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும், மூக்கு கீழே குத்தும். எல்லோரும் மேகசின் ஸ்பிரிங்கைத் திட்டுகிறார்கள்; தவறு அடுக்கும் கட்டைவிரலில். மேகசினின் பக்கத்துப் பொத்தானை அடிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்துத் தோட்டாவையும் கொட்டினால் அவை எப்படி வரிசையில் நிற்கும்? ஒரு தோட்டாவின் பருமன் அளவுக்கு மட்டும் இழுங்கள், ஒன்றை நுழையுங்கள், அடுத்தது. பொத்தான் ஓடும் பிளவு வழியே பார்த்தால் எல்லாம் ஒரே சாய்வில் தெரிய வேண்டும். ஒன்று தலை கவிழ்ந்திருந்தாலும் வெளியே எடுத்து மறுபடி அடுக்குங்கள். மேகசின்களுக்கு மார்க்கரால் எண் போடுங்கள். எது திக்குகிறது என்று இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது தோட்டா. கிட்டின் அலுமினிய ஸ்லைடு 40 கிரெய்ன் (குண்டின் எடை), நொடிக்கு 1235 அடி வேகம் கொண்ட மினி-மேக் என்ற .22 தோட்டாவில் ஒழுங்காக ஓடுகிறது. 1070 அடி வேகத் தோட்டாவில் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போவதில்லை. வெற்றுக்கூடு வெளியேறும் வாயிலில் செங்குத்தாக நின்றுவிடுகிறது. ஹேமர் (சுத்தியல்) ஸ்பிரிங்கை 23 பவுண்டிலிருந்து 19-க்கு மாற்றினால் ஸ்லைடுக்குச் சுமை குறையும், ஆனால் தோட்டாவை வெடிக்க வைக்க அதன் விளிம்பில் விழும் அடியும் தளரும். முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்.

சுமார் 200 தோட்டாவுக்குப் பிறகு சேம்பரில் மெழுகும் ஈயமும் வளையமாகப் படியும். ஸ்லைடு மயிரிழை மூடாமல் நிற்கும். ஹேமரின் முதல் அடி ஸ்லைடை மூடுவதிலேயே செலவாகும், தோட்டா வெடிக்காது. வெண்கலத் தூரிகையால் சேம்பரை மட்டும் நாலு தேய்ப்பு போதும். வெடிக்காத தோட்டாவை இலக்கை நோக்கியபடியே 30 நொடி வைத்திருந்து எடுங்கள். சத்தம் சப்பென்று வந்தால் பேரலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது. காலி சேம்பரில் டிரிகரை இழுத்தால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பர் விளிம்பைக் கொத்தும். வன்பொருள் கடையில் விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் சுவர் ஆங்கரைச் சேம்பருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் டிரிகர் பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடையாது. அதே டிரிகர், அதே சேஃப்டி, அதே பிடி. தோட்டா வெடிக்காத அந்த ஒரு தடவை முன்குறி கீழே குனிந்தால், கை பயப்படுவது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். உதையைத்தான் இது கற்றுத் தராது. அதற்காகவே 1930-களில் கோல்ட் துப்பாக்கி நிறுவனம், வில்லியம்ஸ் என்பவர் வடிவமைத்த மிதக்கும் சேம்பரை (சுடும்போது தானும் பின்னால் நகர்ந்து ஸ்லைடைத் தள்ளி உதையைக் கூட்டும் தனிச் சேம்பர்) தன் .22 பிஸ்டலில் வைத்தது. ஈயம் படிந்தால் அதுவும் இறுகிக்கொள்ளும்.

இன்றைக்குக் கேட்டால், தனியாக ஒரு .22 பிஸ்டலே வாங்குங்கள் என்பேன். கிட்தான் வேண்டும் என்றால் கூடவே மூன்று மேகசினும் வாங்குங்கள்.