ஹாலின் நடுவே ஓடும் கோடு: மாடுலர் வீட்டில் ஏழு ஆண்டுகள்

எங்கள் ஹாலின் மேற்கூரையில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நேராக ஓடும் விரிசலை ஐந்தாவது முறையாகச் சரிசெய்து நான்கு நாட்கள் ஆகின்றன. அதே வாரத்தில், அறைகளைத் தொழிற்சாலையில் பெட்டிகளாகச் செய்து, மனைக்குக் கொண்டுவந்து அடுக்கும் மாடுலர் முறையில் எழும்பவிருக்கும் ஒரு தனியார் குடியிருப்பில் வீடு பதிவு செய்யலாமா என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். தொலைபேசியில் நான் சொன்ன பதில் சற்றுக் காரமாக இருந்துவிட்டது. ஏழு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைப் பற்றி அப்படி ஒரே மூச்சில் பேசியது நியாயமில்லை என்று பிறகு தோன்றியதால், இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வீடும் அந்த மாடுலர் முறையில் கட்டியதுதான். அது நான்கு கான்கிரீட் பெட்டிகளால் ஆனது; டைல்ஸ், சன்னல், மின்கம்பி, குளியலறைக் குழாய் எல்லாம் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, லாரியில் வந்து, கிரேனால் அடுக்கப்பட்டவை. சாலையில் கொண்டுவர வேண்டியிருப்பதால் இத்தகைய பெட்டியின் அகலம் பெரும்பாலும் மூன்றரை மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகிறது. அதைவிட அகலமான ஹால் வேண்டுமென்றால், இடைச்சுவர் இல்லாமல் வார்த்த இரண்டு பெட்டிகளை அருகருகே நிறுத்தி ஒன்றாக்க வேண்டும். எங்கள் ஹால் அப்படி உருவானதுதான். விற்பனைக் கையேட்டில் இருந்த வரைபடத்தில் அந்த இணைப்பு எங்கே வருகிறது என்பதற்கு ஒரு புள்ளிக்கோடு கூட இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உண்மையிலேயே நல்லதாக இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச்சுவர் இருப்பதால் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இரண்டு சுவர்களும் நடுவில் ஓர் இடைவெளியும் இருக்கின்றன. மேல்வீட்டின் தரையும் எங்கள் கூரையும் கூட வெவ்வேறு பலகங்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் வயலின் பழகுகிறான் என்பதே, மூன்றாம் ஆண்டில் ஒருநாள் லிஃப்டில் அவன் கையில் வயலின் பெட்டியைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இதற்கு முன் நாங்கள் குடியிருந்த வீட்டில் மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுக்கும் ஓசையை வைத்தே அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று சொல்லிவிட முடியும். இந்த அமைதிக்காக இரட்டைச் சுவரின் தடிமன் விழுங்கிய பரப்பை நான் மனதார விட்டுக்கொடுக்கிறேன்.

தொழிற்சாலையில் நடந்த வேலையில் இன்றுவரை குறை கண்டதில்லை. ஒரு கதவு கூட நிலையில் உரசவில்லை. குளியலறையில் ஒரு வாளி நீரை எங்கே கொட்டினாலும் கடைசித் துளி வரை வடிகாலைத் தேடிப் போய்விடுகிறது. மழையிலும் வெயிலிலும் சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் ஆளுக்கும், கூரைக்குக் கீழே இடுப்பளவு உயரத்தில் அச்சை வைத்துக்கொண்டு அதே வேலையை நாள்தோறும் செய்யும் ஆளுக்கும் உள்ள வேறுபாடு அந்தத் தரையின் சரிவில் தெரிகிறது. சுவரை இடித்து அறையைப் பெரிதாக்க முடியாது என்பது பலருக்குக் குறையாகப் படும். எங்கள் வீட்டில் பெரும்பாலான சுவர்கள் பாரம் தாங்குபவை. எனக்கு இடிக்கும் ஆசை இல்லாததால் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேகத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வது பெருமளவு சரியே. மனையில் அடித்தளம் போடும்போதே தொழிற்சாலையில் பெட்டிகள் தயாராவதால் கட்டுமானக் காலம் 20 முதல் 50 விழுக்காடு வரை குறையலாம் என்று மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. வாங்குபவருக்கு இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. தளம் எழும்ப எழும்பத் தவணை கட்டுவதாக நாங்கள் ஒப்பந்தம் போட்டிருந்தோம். பல மாதங்கள் அடித்தளத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு வாரந்தோறும் ஒரு தளம் ஏற, அதே வேகத்தில் தவணைக் கடிதங்களும் வந்தன. வங்கியில் கடனை விடுவிக்கும் அலுவலரே, "இவ்வளவு சீக்கிரமாகவா?" என்று கேட்டுவிட்டுப் படங்களை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். பத்தில் ஒன்பது பங்கு வேலை தொழிற்சாலையில் முடிந்துவிடுகிறது என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு ஏழு ஆண்டுகளாகத் தலைவலி கொடுத்துவருவது மீதமிருந்த அந்த ஒரு பங்குதான். இரண்டு பெட்டிகளின் கூரைப் பலகங்களும் ஹாலின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவே தவிர, அந்த விளிம்பில் ஒன்றாக வார்க்கப்பட்டவை அல்ல. கான்கிரீட் காயக் காயச் சுருங்குகிறது, வெப்பத்தில் விரிகிறது, பாரத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தாழ்கிறது. இவற்றை இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் செய்வதில்லை. நடுவில் பூசியிருப்பது அரை விரல் ஆழத்துக்கு அடைத்த ஏதோ ஒரு கலவை. ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே அது பிளந்துவிடும்.

முதலாம் ஆண்டில் பட்டி போட்டு வண்ணம் அடித்தார்கள். அடுத்த கோடையில் மயிரிழையாக மீண்டும் தெரிந்தது. இரண்டாவது முறை வந்தவர் சிலிகோனை அடைத்தார். வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை சிலிகோன் கான்கிரீட்டில் சரியாகப் பிடிக்காது என்பதையும், அதன் மேல் வண்ணம் ஒட்டவே ஒட்டாது என்பதையும் அவர் போன பிறகே தெரிந்துகொண்டேன். வெள்ளைக் கூரையின் நடுவே எண்ணெய் தடவியதைப் போல மின்னும் பட்டை ஒன்றுடன் ஓராண்டு வாழ்ந்தோம். மூன்றாவது முறை கண்ணாடியிழை நாடாவை ஒட்டி அதன் மேல் பட்டி பூசினார்கள். நாடா உறுதியாக நின்றது, ஆனால் அதன் இரு ஓரங்களிலும் விரிசல் விட்டு, ஒரு கோடு இரண்டாகப் பெருகியது. நான்காவதாக வந்தவர் வளையக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் என்ற அடைப்புப் பசையைப் பயன்படுத்தினார். அது இரண்டு ஆண்டுகள் தாங்கியது. அத்துடன் இந்தக் கதை முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் அந்தக் கோட்டிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. ஹாலுக்கு மேலே எந்தக் குழாயும் கிடையாது. மேல்வீட்டிலும் அந்த இடம் ஹால்தான். மேல்வீட்டம்மா எங்களை உள்ளே அழைத்து, தரையைத் தொட்டுப் பார்க்கவே சொல்லிவிட்டார், காய்ந்துதான் இருந்தது. பிளம்பர் நான்கு நாட்கள் வந்து போனார். கடைசியில் மேல்வீட்டுச் சமையலறைத் தொட்டியில் சிவப்புச் சாயம் கரைத்த நீரை ஊற்றிவிட்டு, எங்கள் ஹாலில் செய்தித்தாளை விரித்துக் காத்திருந்தோம். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, பங்குச்சந்தைப் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு துளி விழுந்தது. சமையலறைக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஐந்து மீட்டராவது இருக்கும்.

நடந்தது இதுதான். குழாய் இறங்கும் துளையின் வழியே கசிந்த நீர், மேல்பெட்டியின் தரைக்கும் எங்கள் பெட்டியின் கூரைக்கும் இடையிலான இடைவெளியில் இறங்கி, எங்கள் கூரைப் பலகத்தின் முதுகில் பரவி, அதன் விளிம்பைத் தேடி ஓடி, கோட்டின் வழியே வெளியே வந்திருக்கிறது. எனக்கு வயலின் ஓசையே கேட்காமல் காத்த அதே வகை இடைவெளி, நீருக்கு நடைபாதையாகிவிட்டது. வழக்கமான கட்டடத்தில் பெரும்பாலும் கறை தென்படும் இடத்தின் அருகிலேயே ஒழுகலையும் கண்டுபிடித்துவிடலாம். இங்கே அந்தக் கணக்கு உதவாது, உள்ளே எட்டிப்பார்க்க ஒரு சோதனைத் திறப்பும் வைக்கப்படவில்லை.

இதைவிட என்னைச் சினமூட்டியது, கோடு யாருடையது என்ற கேள்வி. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று கட்டிய நிறுவனம் கையை விரித்தது. வீட்டுக்குள் இருப்பதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றது குடியிருப்போர் சங்கம். இரண்டு கட்டமைப்புப் பெட்டிகளுக்கு நடுவிலிருக்கும் வெற்றிடம் எப்படி என் வீட்டின் உட்பகுதியாகும் என்று நான் கடிதம் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகப் பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் வாகன நிறுத்தத்தைப் பற்றிப் பேசினார்கள்.

நியாயமாகச் சொன்னால், இணைப்பு என்பது என் வீட்டுக்கு மட்டும் வாய்த்த நோயன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 2012 இறுதியில் தொடங்கிய 32 மாடி மாடுலர் கட்டடம், இரண்டு ஆண்டுகளில் முடியும் என்று எதிர்பார்க்கப்பட்டு, 2016இல்தான் திறக்கப்பட்டது. பெட்டிகள் சரியாகப் பொருந்தி அமையவில்லை என்பதில் யார் மேல் தவறு என்று சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு தளத்தில் இரண்டு மில்லிமீட்டர் விலகினால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை, மேலே போகப் போகச் சேர்ந்துகொண்டே வரும். சரியாகச் செய்ய முடியாத வேலை என்றும் சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் அரசு விற்கும் சில மனைகளில் 2014 முதலே இந்த முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அங்கே 2019இல் முடிந்த கிளெமென்ட் கேனப்பி என்ற தனியார் குடியிருப்பின் இரண்டு கோபுரங்களும் 40 மாடி, மொத்தம் 1,899 பெட்டிகள், 505 வீடுகள்.

பழுதானால் பெட்டியையே கழற்றி மாற்றிவிடலாமே என்று நண்பர் கேட்டார். வாங்கிய புதிதில் எனக்கும் அந்த மயக்கம் இருந்தது. டோக்கியோவில் கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் கட்டப்பட்ட நகாகின் கேப்சூல் கோபுரத்தில் 140 பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நடுத்தண்டில் நான்கு போல்ட்டுகளால் மாட்டப்பட்டிருந்தது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஒரு பெட்டியைக் கூட மாற்றாமலேயே 2022இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். போல்ட்டில் மாட்டியதற்கே அந்தக் கதி என்றால், கலவை ஊற்றி இறுக்கிய என் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது முறை வந்த முதியவர் கூரையை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதை இறுக அடைக்கவே கூடாது என்றார். பழைய அடைப்பையெல்லாம் சுரண்டி எடுத்து, அசைவுக்கு இடம்விடும் பாலியூரித்தேன் சீலன்ட்டை உள்ளே இட்டு, அதன் மேல் மெல்லிய அலுமினியப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் திருகாணியால் பிடித்து, மறுபக்கத்தைச் சும்மா படிந்திருக்கும்படி விட்டார். பெட்டிகள் அசைந்தால் பட்டை வழுக்கிக்கொடுக்கும். நாற்பது நிமிட வேலை. முதல் நாளே இப்படி ஒரு பட்டையைப் போட்டிருந்தால் விற்பனைக்கு வந்து பார்ப்பவர் கண்ணில் கோடு பட்டிருக்கும். அதனால்தான் போடவில்லை என்று நினைக்கிறேன், அந்த நினைப்பில்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அமைதியையும் கதவுகளையும் குளியலறைச் சரிவையும் பற்றி மேலே எழுதியதை மறுபடி படித்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று எங்கள் தளத்திலேயே ஒரு சிறிய வீடு விற்பனைக்கு வந்திருப்பதை அறிந்து, என் தம்பியை உடனே வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டு ஹால் முழுவதும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. நண்பர் அனுப்பிய வரைபடத்தையும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஹாலின் அகலம் ஐந்து மீட்டர் இருபது சென்டிமீட்டர். சோபா போடுவதாகக் காட்டியிருக்கும் இடத்துக்கு நேர்மேலேதான் கோடு வரும்.