கனவுக்கு ஆகும் செலவு: ‘தி அல்கெமிஸ்ட்’ நாவல் விமர்சனம்

பாவ்லோ கொய்லோவின் ‘தி அல்கெமிஸ்ட்’ நாவலைப் படிக்காதவர்களுக்கும் அதிலுள்ள ஒரு கருத்து தெரிந்திருக்கும்: மனதார ஒன்றை விரும்பினால் பிரபஞ்சமே திரண்டு வந்து கைகொடுக்கும் என்பது. பிறந்தநாள் வாழ்த்து முதல் பயிற்சி வகுப்புச் சுவர் வரை அது ஒட்டப்பட்டுவிட்டது. அந்தப் புகழ் நாவலுக்கு ஒரு அநியாயத்தைச் செய்திருக்கிறது. ஆசைப்பட்டால் போதும் என்று சொல்கிற புத்தகம் என நினைத்துச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் கையில் எடுப்பதே இல்லை. உண்மையில், கனவைத் தேடிப் போகிறவன் எந்தக் கட்டத்தில் எதை விலையாகக் கொடுக்கிறான் என்பதை எண்ணிக்கையோடு எழுதிச் செல்லும் நாவல் இது. அந்தக் கணக்கு இருக்கும் பக்கங்களில் கதை நிமிர்ந்து நிற்கிறது. கணக்கு காணாமல் போகும் பக்கங்களில் தொய்கிறது. கதையின் முடிவும் இங்கே பேசப்படுகிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலை முடித்துவிட்டு வரலாம்.

பிரேசில் நாட்டவரான கொய்லோ இதைப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதி 1988இல் வெளியிட்டார். முதல் பதிப்பாளர் கொஞ்சம் பிரதிகளோடு நிறுத்திக்கொண்டார். வேறு பதிப்பகத்துக்குப் போன பிறகே விற்பனை சூடுபிடித்தது. ஆலன் கிளார்க்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1993இல் வந்து உலகெங்கும் கொண்டுபோனது. கதை எளிது. ஸ்பெயினின் அண்டலூசியாப் பகுதியில் ஆடு மேய்க்கும் சாந்தியாகோ, எகிப்தின் பிரமிடுகளுக்கு அருகே புதையல் இருப்பதாக இரண்டு முறை கனவு காண்கிறான். அதைத் தேடிக் கிளம்புகிறான்.

கிளம்புவதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது. கனவுக்குப் பலன் சொல்லும் ஜிப்சிக் கிழவி அப்போது காசு வாங்குவதில்லை. புதையல் கிடைத்தால் பத்தில் ஒரு பங்கு தன்னுடையது என்று சத்தியம் வாங்குகிறாள். அடுத்து வரும், பைபிளில் சொல்லப்படும் சேலத்தின் (தமிழ்நாட்டுச் சேலம் அல்ல) அரசர் மெல்கிசெதேக்கும் பத்தில் ஒரு பங்குதான் கேட்கிறார், ஆனால் கையில் இருக்கும் மந்தையிலிருந்து. அறுபது ஆடுகளில் ஆறு. வராத புதையலிலிருந்து பங்கு தருவதாகச் சொல்வது சுலபம், நாளைக்குக் கம்பளி தர வேண்டிய ஆட்டை அவிழ்த்துக் கொடுப்பது கடினம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் நாவலாசிரியரின் கைத்திறன் தெரிகிறது. பையன் இன்னும் வராத புதையலிலிருந்து ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லும்போது, கையில் இல்லாததைத் தருவதாக வாக்குக் கொடுத்தால் அதை அடைய உழைக்கும் ஆசையே போய்விடும் என்று அரசர் எச்சரிக்கும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆப்பிரிக்கக் கரையிலுள்ள தாஞ்சியர் நகரில் இறங்கிய முதல் நாளே, மீதி ஆடுகளை விற்றுக் கொண்டுவந்த மொத்தப் பணமும் போய்விடுகிறது. அது போகும் விதம் கவனிக்கத்தக்கது. ஸ்பானிய மொழி பேசும் ஓர் இளைஞன் நண்பனாகிறான். மதுக்கடைக்காரர் கோபமாக அரபியில் ஏதோ சொல்லித் தடுக்கிறார். பணத்துக்கு ஆசைப்பட்டுத்தான் கத்துகிறார் என்று இளைஞன் விளக்கம் தருகிறான், பையன் நம்புகிறான். பிறகு சந்தையில் ஓர் அழகான வாளைப் பார்த்துச் சில நொடிகள் நண்பன் மேலிருந்து கண்ணை எடுக்கிறான். பணமும் நண்பனும் மாயம். நாவல் முழுக்க ‘சகுனங்களைக் கவனி’ என்ற போதனை வருகிறது. அந்தச் சகுனத்தை ஒருவன் தலைகீழாகப் படித்துவிடுவது இந்த ஓர் இடத்தில்தான் ரத்தமும் சதையுமாக எழுதப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை தெரியாத மொழியில் வந்தது, பொய் தெரிந்த மொழியில் வந்தது. இப்படி இன்னும் இரண்டு மூன்று இடங்கள் இருந்திருந்தால் சகுனக் கொள்கை முழுவதுமே நம்பும்படி ஆகியிருக்கும். பிந்தைய பகுதிகளில் சகுனங்கள் பெரும்பாலும் பிசகாமல் பலிப்பதால் படபடப்பு குறைந்துவிடுகிறது.

நாவலின் உச்சம் பாலைவனத்திலோ பிரமிடுகளிலோ இல்லை, மேட்டுத் தெருவிலுள்ள கண்ணாடிப் பாத்திரக் கடையில் இருக்கிறது. ஒரு வருடம் பாத்திரம் துடைத்தாலும், விற்ற ஒவ்வொன்றுக்கும் கமிஷன் வாங்கினாலும், எகிப்து போகக் கடன்தான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். பையன் வேலைக்குச் சேர்வது எகிப்துக்காக இல்லை. திரும்பிப் போய் ஆடு வாங்க. கனவு அங்கே செத்தே போகிறது. அதை மறைக்காமல் எழுதியிருப்பதுதான் இந்தப் பகுதியின் நேர்மை.

அதன் பிறகு நடப்பவை எல்லாம் வியாபாரம். வெளியே ஒரு காட்சிப் பெட்டி வைக்கலாம் என்கிறான். போகிற வருகிறவர்கள் இடித்து உடைப்பார்களே என்று கடைக்காரர் தயங்குகிறார். ஆட்டை ஓட்டிப் போகும்போது பாம்பு கடித்துச் சில செத்துப்போவதும் மேய்ப்பன் வாழ்க்கையில் சேர்த்தி என்பது அவன் பதில். பெட்டி வருகிறது, விற்பனை ஏறுகிறது. மலையேறி வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் விற்கலாம் என்பது அடுத்த யோசனை. குவளையின் அழகு தேநீரை விற்கும், தேநீர் குவளையை விற்கும். விற்பனை பெரிதாக வராது என்று நினைத்துக் கடைக்காரர் தாராளமாகப் பேசியிருந்த கமிஷன் விகிதம் இப்போது பையனுக்குச் சாதகமாகிறது. ஆப்பிரிக்காவில் கால்வைத்துப் பதினோரு மாதம் ஒன்பது நாள் ஆனபோது 120 ஆடுகள், திரும்பும் பயணச்சீட்டு, இறக்குமதி உரிமம் ஆகியவற்றுக்குப் போதுமான பணம் கையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பினால் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்கு மந்தை. அந்த வசதி இருக்கும் நிலையில் அவன் மீண்டும் எகிப்தைத் தேர்ந்தெடுக்கிறான். முதலில் கிளம்பியதைவிட இந்த இரண்டாம் முடிவு கனமானது, ஏனென்றால் இப்போது எதை விடுகிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர் நாவலிலேயே சிறந்த பாத்திரம். மெக்கா போவது அவர் கனவு. பணம் சேர்ந்த பிறகும் போகவில்லை. போய்விட்டால் அதன் பின் வாழ்வதற்குக் காரணம் இருக்காதே என்று பயப்படுகிறார். கனவை வைத்திருப்பதே தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்கிறார். நாவல் அவரைக் கோழை என்று தள்ளுவதில்லை. சாந்தியாகோ எவ்வளவு தூரம் போனாலும் வாசகர் மனதில் இந்த மனிதர் எதிர்வாதமாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்பெயினின் தாரிஃபா ஊர்ச் சதுக்கத்தில் அரசர் சுட்டிக்காட்டும் ரொட்டிக் கடைக்காரரும் இதே வரிசை. அவரும் ஊர் சுற்ற ஆசைப்பட்டவர், முதலில் கடையை வாங்கிக்கொண்டு வயதான பின் ஆப்பிரிக்காவைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர். மேய்ப்பனைவிட ரொட்டிக் கடைக்காரருக்கு ஊரில் மதிப்பு அதிகம் என்பதே காரணம். கனவைத் தடுப்பது வறுமை மட்டுமில்லை, அந்தஸ்தும்தான் என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறார் கொய்லோ.

ஒட்டகக் கூட்டத்தோடு வரும் ஆங்கிலேயர் பகுதியை வேகமாகத் தாண்டலாம். புத்தக அறிவு, அனுபவ அறிவு என்ற பழைய எதிரிடைக்கு மேல் அவர் வளரவில்லை. அல்-ஃபயூம் பாலைவனச் சோலையில்தான் உண்மையான சறுக்கல். முந்நூறு கிணறு, ஐம்பதாயிரம் பேரீச்சை என்று இடத்தை எண்ணிச் சொல்லத் தெரிந்த ஆசிரியருக்கு ஃபாத்திமாவைப் பற்றிச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. பார்த்த கணத்தில் காதல். பாலைவனத்துப் பெண் காத்திருப்பாள் என்ற ஒப்புதல். அவளுக்கென்று ஒரு கனவு தரப்படவில்லை, அவள் கனவே சாந்தியாகோதான் என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஒவ்வொரு மனிதனுக்கும் தனி இலக்கு உண்டு என்ற கொள்கையின் மேல் நிற்கும் நாவல், தன் முக்கியமான பெண் பாத்திரத்துக்கு அதை மறுப்பது சின்னக் குறை இல்லை. பையன் போவதற்கான விலையை அவள் கட்டுகிறாள், அது கணக்கில் ஏறவே இல்லை.

பையன் காற்றாக மாறும் காட்சியும் நீளம். பாலைவனத்தோடு, காற்றோடு, சூரியனோடு பேசுகிற உரையாடல்கள் ஒரே கருத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அதற்குப் பின் மடத்தில் நாவல் மறுபடி தரைக்கு வருகிறது. பையனுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டும் ரசவாதி (தலைப்பிலுள்ள ‘அல்கெமிஸ்ட்’ இவர்தான்) ஈயத்தைத் தங்கமாக்கி நான்காக வெட்டுகிறார்: ஒன்று துறவிக்கு, ஒன்று பையனுக்கு, ஒன்று தனக்கு. நான்காவதும் பையனுக்கே, ஆனால் துறவியிடம் இருக்கட்டும் என்கிறார். தாஞ்சியர் திருடனிடமும் பாலைவனப் படைத்தலைவனிடமும் இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்தவன் மூன்றாம் முறையும் இழக்கலாம் என்பது அவர் காரணம். அப்படியே நடக்கிறது, ஊர் திரும்ப அந்தக் கால் பங்குதான் உதவுகிறது. ஞானியே கையிருப்பு ஒதுக்கி வைக்கும் இந்தக் காட்சியை மேற்கோள் தேடுகிறவர்கள் கவனிப்பதில்லை.

பிரமிடு அருகே அவனை அடித்துப் பறிக்கும் கூட்டத்தின் தலைவன், தானும் ஸ்பெயினில் பாழடைந்த தேவாலயத்தில் புதையல் இருப்பதாகக் கனவு கண்டதைச் சொல்லிக் கேலி செய்கிறான். புதையல், கதை தொடங்கிய அந்தத் தேவாலயத்திலேயே இருக்கிறது. இந்த முடிச்சு கொய்லோவின் சொந்தக் கற்பனை இல்லை. பாக்தாத்காரன் கெய்ரோ போய் அடிபட்டு, தன் வீட்டிலேயே புதையல் இருப்பதை அறியும் கதை ஆயிரத்தொரு இரவுகளிலும் பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி காவியத்திலும் உண்டு. பழங்கதையில் பயணம் இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த இரண்டு வரிக்குள் ஒரு கடையையும் பதினோரு மாத உழைப்பையும் வைத்ததுதான் கொய்லோ சேர்த்தது.

சின்ன நாவல், ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். ஆனால் இரண்டு அமர்வாகப் படிப்பது நல்லது. முதல் பாகம் ஆடு வாங்கப் பணம் வேண்டும் என்று அவன் கடையில் வேலைக்குச் சேரும் இடத்தில் முடிகிறது, அங்கே மூடி வைத்து ஒரு நாள் விடுங்கள். வேலையை விடலாமா என்ற குழப்பத்தில் இருப்பவருக்குப் பரிசளித்தால், கடைப் பகுதியை மடித்து அடையாளம் வைத்துக் கொடுங்கள். பாத்திர வார்ப்பில் ஆழம் தேடும் வாசகருக்கு இது போதாது. இங்கே மனிதர்கள் நீதிக்கதையின் உருவங்களாகவே நடமாடுகிறார்கள். பிந்தைய ஆங்கிலப் பதிப்புகளில் கொய்லோ எழுதிய முன்னுரை இருக்கிறது. கனவுக்கு நான்கு தடைகள் என்கிறார்: முடியாது என்று சிறுவயதிலிருந்து கேட்டது, நேசிப்பவர்களைக் காயப்படுத்துவோமோ என்ற தயக்கம், தோல்விப் பயம், கடைசியாகக் கனவு நிறைவேறிவிடுமோ என்ற பயம். அதைக் கதைக்குப் பிறகு படியுங்கள். நான்காவது தடை யாருடையது என்பது கண்ணாடிக் கடைக்காரரைச் சந்தித்தவர்களுக்கு உடனே தெரியும்.