மத்தியும் சோறும்: ஐதராபாத் அட்டவணையா, அமெரிக்கத் தரவா?

சாப்பிடுவதன் கலோரி, சத்துக் கணக்கைப் பதிய, கடலூர் முதுநகரில் வாங்கிய மத்திக்கு அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துத் தரவைப் புரட்டினால் எண்ணெயில் ஊறிய டின் மத்திதான் சிக்கும்: 100 கிராமுக்கு 208 கலோரி, 382 மில்லிகிராம் கால்சியம். அந்தக் கால்சியம் முள்ளையும் சேர்த்து அளந்தது. குழம்பில் முள்ளை ஒதுக்கிவிட்டு இதைப் பதிந்தால் கணக்கு பொய்.

நம் மீன், கீரை, சிறுதானியத்துக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுச் சத்து அட்டவணைதான் சரி. 528 உணவுகள், எல்லாம் நம் நாட்டு மாதிரிகள். அளவு உண்ணும் பகுதிக்கு மட்டும் என்பதால் மீனைச் சுத்தம் செய்த பிறகே எடை போடுங்கள்.

ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும். ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184-ஆல் வகுத்தால்தான் கலோரி. அடுத்து, பெரும்பாலும் சமைக்காத பொருளின் அளவு. வெள்ளை அரிசி 100 கிராமுக்குச் சுமார் 356 கலோரி. 150 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 400 கிராம் சோறு. சோற்றை எடைபோட்டு அரிசிக் கணக்கில் ஏற்றினால் 534 கலோரி 1,424 ஆகிவிடும்! பலரும் வழுக்குவது இங்கேதான். ஹோட்டல் சோற்றுக்கு அமெரிக்கத் தரவே மேல்: வெந்த சோறு 100 கிராமுக்கு 130.

பாக்கெட் பிஸ்கட்டுக்கு இரண்டும் வேண்டாம், லேபிளே போதும்.